காருக்குக் காவல்

திருத்தணி மலையடியில் நிறுத்தியிருந்த எங்கள் காரின் கண்ணாடியை உடைத்து, யாரோ பையைத் திருடிப் போனார்கள். பையில் மாற்றுத்துணிதான் இருந்தது. கண்ணாடியையும் மறுநாளே மாற்றிவிட்டோம். ஆனால் அதன்பிறகு நானும் என் மனைவியும் சேர்ந்து சாமி கும்பிட்டதில்லை. ஒருவர் மலையேறினால் மற்றவர் காரில் காவல் இருப்போம்.

போன கிருத்திகையன்று தரிசன வரிசையிலிருந்து அவளுக்குத் திரும்பத் திரும்ப போன் செய்தேன். எடுக்கவில்லை. சன்னதியை நெருங்கியும் நிற்க முடியாமல் கீழே ஓடினேன். அவள் காரில் இல்லை. எதிரே பூக்கடையருகே நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போனை வண்டியிலயே விட்டுட்டேங்க. கண்ணாடிகிட்ட எவனாவது வந்தாலே பயமா கீது. உள்ள ஒக்காந்துகினு இருக்க முடியல.”



“அடுத்த வாட்டி பஸ்ல வரலாம்” என்றேன்.

“அப்ப வீட்டாண்ட நிக்கிற வண்டிய யாரு பாத்துக்குவாங்க?” என்றாள்.