லாசரை எடுத்துவிட்ட படம்

ஞாயிறு பூசை தவறவிட மாட்டேன், ஜெபமாலை சொல்வேன். ஆனால் ஆவி, அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்கிற ஆள் நான். நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள்.

திருச்செங்கோட்டில் புது வீடு கட்டினோம். எங்கள் வீட்டுக்காரர் ரிக் வண்டி வைத்துத் தண்ணீருக்கு போர் போடுகிறவர். சாப்பாட்டு அறைக்கு நான்தான் ஒரு படம் தேர்ந்தெடுத்தேன். இத்தாலிக்காரர் யாரோ பல நூறு வருடங்களுக்கு முன் வரைந்தது. பணக்காரர் பட்டு உடுத்தி விருந்து சாப்பிடுகிறார், வாசற்படியில் லாசர் என்கிற ஏழை பசியோடு கிடக்கிறார், அவர் கால் புண்ணை ஒரு நாய் நக்குகிறது. பைபிளில் வருகிற கதை. சேலத்தில் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தால் இவர் நடுவில் புகுந்து, “சோறு திங்கற எடத்துல புண்ணு புடிச்சவன் எதுக்கு புள்ள, எடுத்துரச் சொல்லு” என்றார். கடைக்காரரும் கம்ப்யூட்டரில் லாசரை அழித்துவிட்டார். நாய் மட்டும் வெறும் படியை நக்கிக்கொண்டு நின்றது. எனக்கு எரிச்சல்தான், ஆனால் இவரிடம் யார் மல்லுக்கட்டுவது.

பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று நல்ல சித்திரை வெயில். பந்தி நடக்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட, இவர் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். குழந்தைகள் ஏறிவிடுமே என்று யாரோ படிக்கட்டுப் பக்கமிருந்து கதவைத் தாழ் போட்டுவிட்டார்கள். பாட்டுச் சத்தத்தில் இவர் தட்டியது யாருக்குக் கேட்கும்? போனும் கீழே. வண்டி ஷெட்டுக்குப் போயிருப்பார் என்று நானும் பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பந்தி முடிந்துதான் தேடினோம்.

தாழை எடுத்தது நான். தொட்டி காய்ந்து கிடக்கிறது, அதன் பக்கத்தில் இவர் கிடக்கிறார். தொட்டால் உடம்பு தோசைக்கல்லாகக் கொதிக்கிறது, உதடு மட்டும் ஈரம். அந்த வெயிலில் இவர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கண் விழித்து, அவராகவே மெதுவாகச் சொன்னார்.

“பிலோமி, மேல ஒருத்தரு இருந்தாரு. காலெல்லாம் புண்ணு. வெரலத் தண்ணியில நனைச்சு நனைச்சு என்ற நாக்குல வெச்சாரு. நீங்க இங்க என்ன பண்றீங்கன்னு கேட்டேன். கீழ எடமில்லைன்னுட்டாங்கன்னாரு.”

வெயிலில் புத்தி குழம்பியிருக்கும் என்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் அந்தக் கதையின் மீதி எனக்குத் தெரியும். செத்தபின் நரக நெருப்பில் வேகிற பணக்காரர், லாசர் வந்து விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தன் நாக்கைக் குளிர வைக்க வேண்டும் என்று கெஞ்சுவார். கதையில் அது அவருக்குக் கிடைக்காது.

இவருக்குக் கிடைத்தது, அதுவும் இவர் வேண்டாமென்று எடுக்கச் சொன்னவர் கையால். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.