ஐப்பசியில் திறந்த கதவு

அந்தக் கோடையில் என் மனைவியிடம் நான் அதிகமாகச் சொன்னது "கதவச் சாத்து" என்பதுதான். தீபாவளி நாடகத்துக்காக ஒரு காட்டை, சுவரளவு திரைச்சீலையில் வரைந்துகொண்டிருந்தேன். மதுரையில் எங்கள் வாடகை வீட்டுக் கூடம்தான் பட்டறை. மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை கலந்த வண்ணம், அனல்காற்று பட்டால் தூரிகையிலேயே இறுகிவிடும். அதனால் ஜன்னல்களில் ஈரச்சாக்கு தொங்கும். பகலிலும் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். முடியாத படத்தை யாரும் பார்ப்பதும் எனக்குப் பிடிக்காது. அவள் மோர்ச் செம்பை வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவாள். நேரம் கழித்து வைத்தால் அதற்கும் கத்துவேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், கடைசி மரத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது மண்வாசனை வந்தது. ஆறு மாத வெக்கை. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. முற்றத்துக் கதவை விரியத் திறந்துவிட்டு, மழையில் போய் நின்றேன். காற்றில் விளக்கு அணைந்தது. சாரல் நேரே படத்தில் அடித்தது.

"ஐயையோ, கதவச் சாத்துங்க!" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தவள், திரைச்சீலைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பசை கரைந்து, பச்சை கோடுகோடாகத் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நான் பாய்ந்து வந்து கதவைப் பிடித்தேன்.

"இம்புட்டு மரமா போட்டிருக்கீங்க?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அந்த மூலையில மயிலுகூட இருக்கே!"

சாத்தினால் கூடம் இருட்டிவிடும். கதவைப் பிடித்தபடியே, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.