தோல் என்றால் தாங்குவது

இன்னைக்குக் காலையில பெரகலயிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸுல, லைப்ரரியில எடுத்த பழைய இங்கிலீஷ்-தமிழ் அகராதியைப் புரட்டிக்கிட்டு வந்தேன். 'தோல்'னு (thole) ஒரு இங்கிலீஷ் வினைச்சொல் கண்ணுல பட்டுச்சு. வலியைப் பொறுத்துத் தாங்குறதுன்னு அர்த்தமாம். ஸ்கொட்லாந்துப் பக்கம் மட்டும் இன்னும் சொல்றாங்களாம். மத்தபடி 'வழக்கில் இல்லை'ன்னு போட்டிருந்துச்சு.

வாய்விட்டுப் படிச்சுட்டேன் போல.

"எந்தத் தோள் டீச்சர்?"னு பக்கத்துல இருந்த அக்கா கேட்டாங்க. எங்க ஸ்கூல் புள்ளை ஒண்ணோட அம்மா, தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. கழுத்து வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க.

"இது இங்கிலீஷ் சொல்லு, அக்கா. தாங்குறதுன்னு அர்த்தம்."

"வெள்ளைக்காரன் சரியாத்தான் பேரு வச்சிருக்கான். ஆனா நாங்க தோள்லயா தாங்குறோம்? கூடைக் கயித்தைத் தலையிலதானே மாட்டுறோம்."

"வலி எத்தனை நாளா இருக்கு?"

"தீவாளிக்கு முந்தியே இருக்குங்க, இப்பப் பொங்கலும் போயிருச்சு. கங்காணி இன்னைக்குத்தான் போகவிட்டாரு."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பல.

அவங்க இறங்கினதும் பென்சிலை எடுத்து, அந்த 'வழக்கில் இல்லை'யைக் கோடு போட்டு வெட்டிட்டேன்.

இப்ப நெட் கபேயில உக்காந்து இதை உங்களுக்கு டைப் பண்ணிக்கிட்டிருக்கேன். புத்தகத்தை நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும். யார் கிறுக்கினதுன்னு லைப்ரரியன் கேட்டா என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க.