அக்கா பழக்கிவிட்டுப் போன பொத்தான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ தைப்பூசம் தள்ளிப்போட்டுவிட்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். ஆனாலும் எழுத்துக்குப் பயந்து தள்ளிப்போடவில்லை. இது இறந்துபோன ஒருத்தியைப் பற்றியது. ஊர் ஒரு தடவை அவளைப் பேய் என்று சொல்லியாயிற்று. நானும் வாயைத் திறந்து அதைப் பெரிதாக்கிவிடக் கூடாது என்றிருந்தேன். இப்போது அவள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். முருகன்மேல் பாரத்தைப் போட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி. பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். கூடப் பிறந்தவள் இல்லை. ஃபேக்டரி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அக்கா ஆனவள். தூசி படக்கூடாத அறை அது. நெற்றித் திருநீற்றை வாசலிலேயே துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தலை முதல் கால்வரை வெள்ளை உடை, வாயை மூடிய துணி. கண் மட்டும்தான் தெரியும்.

தட்டில் அடுக்கிய சில்லுகளைச் சூட்டில் வைத்துச் சோதிக்கிற மெஷின். புதிதாக வந்ததில் ஒரு திரை இருந்தது. அது ஒவ்வொன்றாகக் கேட்கும். எந்தச் சில்லு? எவ்வளவு சூடு? கதவை மூடியாயிற்றா? கடைசியாக, நிச்சயமா? எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்ததால் இங்கிலீஷ் தெரியாதவள்கூட வந்த அன்றே ஓட்டிவிடலாம். பழகினவர்களுக்கோ அது பெரிய ரோதனை.

“மாமியா மாதிரி கேட்டதையே கேக்குது லா,” என்பாள் அக்கா.

ஆனால் அவள் தட்டுதான் எப்போதும் முதலில் முடியும். எப்படி என்று கேட்டால், “கேக்காதே. மேலே தெரிஞ்சா டார்கெட்ட ஏத்திருவானுங்க. அப்புறம் ஒண்ணுக்குப் போகக்கூட விடமாட்டானுங்க,” என்று கண்ணாலேயே சிரிப்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காரியத்தன்று கடற்கரையில் வைத்த சோற்றைக் காக்கை தொடவில்லை. வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டி நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

அவள் இடத்துக்கு ஒரு புதுப் பெண்ணை வைத்தார்கள். திரை கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அலறினாள்.

“யக்கா! நான் ஒண்ணும் அமுக்கல, சத்தியமா அமுக்கல! அதுவா ஓடுது!”

“கைய எடு மொதல்ல!” என்று ஓடினேன்.

கையை எடுத்த பிறகும் திரையில் கேள்வி வந்தது, பதில் போனது. அடுத்த கேள்வி, அடுத்த பதில். யாரோ உட்கார்ந்து அமுக்குகிற மாதிரியே இருந்தது. அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். மலாய்ப் பெண்கள் ஓத ஆரம்பித்தார்கள். நம் பிள்ளைகள் அக்காவின் பேரைச் சொல்லி அழுதார்கள். மெஷினை நிறுத்திப் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“தங்கச்சி, அவ அங்கதான் நிக்கிறாளாமே. பசார்க் கடைங்கள்ல பேசிக்கிறாங்க.”

“அதெல்லாம் கேக்காதீங்கண்ணே.”

“காக்கா தொடலியே. அப்பவே நெனச்சேன். நாந்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன். அவளுக்கு என்ன கொறைன்னு பாத்துச் சொல்லு. கடன ஒடன வாங்கியாச்சும் எல்லாத்தையும் மறுபடி செய்றேன்.”

அவர் முகத்தைப் பார்த்து, “பாத்துச் சொல்றேண்ணே,” என்றேன். அவர் மனதில் இருந்த அதே கேள்வியைத்தான் அன்று ராத்திரி சாமி மாடத்தின் முன் நானும் கேட்டேன். அவள் சாந்தியாகப் போனாளா, இல்லையா?

மெஷினுக்குப் புரோகிராம் எழுதின சீன இஞ்சினியர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்ததும் என்னை அழைத்துக்கொண்டு, நிறுத்திப் போட்ட அந்த மெஷினிடம் போனார்.

“கக்கா, பேய் சம்பளம் கேக்காம வேலை செய்யும்னா, மேனேஜர் எல்லா சீட்டுக்கும் பேயையே வச்சிருப்பாரே,” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். கக்கா என்றால் அக்கா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓரத்துப் பொத்தான் ஒன்றைக் காட்டினார். எழுத்தெல்லாம் தேய்ந்து, விரல் உட்காரும் அளவுக்குக் குழிந்திருந்தது. திரை கேட்பது பழகினவர்களுக்குத் தாமதம் என்று அவர்தான் அதை வைத்தாராம். ஒரு தடவை செய்து காட்டினால் மெஷின் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு அந்தப் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் போதும், கையை எடுத்தாலும் அதுவே செய்துவிடும். அக்கா பழக்கி வைத்திருக்கிறாள். புதுப் பெண் யோசிக்கும்போது விரல் தானாக அந்தக் குழியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

“ஓட்டிக் காட்டுங்க,” என்றேன்.

கேள்விகள் மளமளவென்று ஓடின. கடைசிக் கேள்வியில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு போனது.

“அங்க ஏன் நிக்குது?”

“கை நின்ன நேரத்தையும் சேர்த்துத்தான் அது வச்சிருக்கும். அவங்க ஏன் நின்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எனக்குத் தெரியும். கடைசிப் பொத்தான் தப்பாகப் போனால் தட்டு முழுவதும் வீண். அதனால் அதற்கு முன்னால், “முருகா,” என்பாள். வாயை மூடிய துணிக்குள்ளேயிருந்து அது எனக்கு அத்தனை வருஷம் கேட்டிருக்கிறது. பேய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு உடம்பு நடுங்கியது.

இஞ்சினியர் தலையைச் சொறிந்தார். “வேகத்துக்குன்னு பொத்தான வச்சேன். என்ன நடக்குதுன்னு பாக்கிறவங்களுக்குச் சொல்லாம விட்டுட்டேன். அதான் பயந்துட்டாங்க.” புதுப் பெண்களுக்குப் படமும் கேள்வியும் அப்படியே இருக்கட்டும், பழகினவர்களுக்குப் பொத்தானும் இருக்கட்டும், ஆனால் அது ஓடும்போது, நினைவிலிருந்து ஓடுகிறது என்று திரை சொல்லவேண்டும், கடைசி ‘நிச்சயமா’வுக்கு மனுஷ விரல்தான் பதில் தரவேண்டும் என்றார். அப்படி மாற்றும்போது அக்கா பழக்கி வைத்தது அழிந்துபோகும்.

வீட்டுக்காரரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். 

“அப்ப அவ சொன்ன முருகா உள்ள இருக்கு.”

“சத்தம் இல்லண்ணே. சொல்ற நேரம் மட்டுந்தான் இருக்கு.”

“அத அழிக்காம வச்சிருக்கச் சொல்ல முடியாதா தங்கச்சி?”

அவளை எப்படியாவது அனுப்பி வைக்கவேண்டும் என்று வந்த மனுஷன்.  அவரே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“வேணாம், விடு. அந்தப் புள்ள பயப்படுதுல்ல. இவளுக்கு யாரையும் பயமுறுத்தத் தெரியாது. போவட்டும்.”

அழிப்பதற்கு முன் ஒரு தடவை ஓட்டக் கேட்டேன். இஞ்சினியர் விட்டார். திரை கடைசிக் கேள்வியில் நின்றபோது, அவளுக்குப் பதிலாக நான், “முருகா,” என்றேன். பிறகு அவர் தன் வேலையைப் பார்த்தார். புதுப் பெண் அதே இடத்தில் வெகுகாலம் வேலை செய்தாள்.

அவள் ஆத்மா எங்கே போனது என்று சொல்ல எனக்கு ஞானம் இல்லை. மெஷினுக்குள் இருந்தது அவள் கைப்பழக்கம், அவ்வளவுதான். இதை யாரிடமாவது சொல்ல நேர்ந்தால் இப்படியே சொல்லுங்கள். சுவைக்காகப் பேயைச் சேர்க்காதீர்கள். வெறும் மெஷின்தானே என்று, அவள் நின்ற நேரத்தை விட்டுவிடவும் வேண்டாம்.