வேட்டியில் சுற்றிய பரங்கிக்காய்

புத்தூர் பக்கம் எங்கள் கொல்லையில் என் கணவர் கடைசியாகப் பறித்த பரங்கிக்காய் அது. படுக்கையில் இருந்தபடியே சொன்னார்: "இத வெட்டாத. சர்ச்சு அறுப்புப் பண்டிகைக்குக் காணிக்கையா கோயிலுக்கு எடுத்துக்கினு போ. அங்க அத ஏலம் எடுக்கறவங்ககிட்ட வெதைய மட்டும் கேட்டு வாங்கிக்க." அடுத்த வாரமே அவர் போய்விட்டார்.

பெருச்சாளி கடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். மண் போகக் கழுவி, அவர் வேட்டியில் இறுக்கிச் சுற்றி, பிளாஸ்டிக் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இடையில் பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை.

பண்டிகையன்று காலை சாக்கை அவிழ்த்தேன். காய் அழுகியிருந்தது. உள்ளே விதைகள் முளைவிட்டு, அந்த முளைகளும் அழுகியிருந்தன. பக்கத்தில் நின்ற என் நாத்தனார் வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஈரத்தோடவா கட்டி வெச்சிக்கினு இருந்தீங்க அண்ணி? காய்க்குக் காத்து வேணாமா?" என்றாள், மெதுவாக.

அன்று வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன்.

இப்போது கடையில் வாங்கிய விதைதான் போடுகிறேன். காயைக் காம்போடு அறுத்து, கழுவாமல் வெயிலில் காயவிட்டு, ஜன்னலோரம் ஒன்றோடொன்று படாமல் வைக்கிறேன். எத்தனை முறை துவைத்தும் கறை போகாத அந்த வேட்டியைத்தான் அடியில் விரித்திருக்கிறேன்.