எதிர்க்கட்சியின் நினைவகப் பங்கு

என் மனைவியை நான் எதிர்க்கட்சி என்றுதான் கூப்பிடுவேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்ப தெரியுதா?" என்று கேட்டுப் பழகியவள், வீட்டுக்கு வந்ததும் என்னிடமும் அதையே கேட்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

தன் கைபேசியைத் தமிழில் வைத்திருந்தாள். ஒருநாள் படம் எடுக்கப் போனபோது, "நினைவகம் நிரம்பிவிட்டது" என்று சொல்லி அது சண்டித்தனம் செய்தது.

"ஏங்க, உலகத்துல எல்லாருக்கும் இது நிரம்பும்தானே? அப்ப நினைவகச் சில்லு, அதான் மெமரி சிப், செய்றவன் பிழைச்சுக்குவான்," என்றாள். அப்படி ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கியும்விட்டாள்.

நான் பட்டதாரி. காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் நட்டத்தைப் பற்றி வகுப்பெடுப்பவன். பெண்டாட்டி பேச்சைக் கேட்டு வாங்கினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! ஆராய்ச்சி செய்பவன்போல் சில நாள் முகத்தை வைத்துக்கொண்டு, அதே சில்லைச் செய்யும் போட்டிக் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். காரணம்? அது அவளுடையது இல்லை. அவ்வளவுதான் ஆராய்ச்சி.

அதன்பின் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. யார் பங்கு இறங்குகிறதோ அவர் மாலை டீ போட வேண்டும். சில்லு விலை சரிந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். அன்றைக்கு யார் குறைவாக விழுந்தார் என்று சண்டை.

"உங்க ஆள் குப்புற விழுந்து கெடக்காரு. என் ஆள் லேசா சறுக்கினாரு, அவ்வளவுதான். போங்க, அடுப்பைப் பத்த வைங்க."

"சர்க்கரை எங்கடி?"

"தோத்தவங்களுக்கு அதெல்லாம் சொல்றதில்ல."

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவள் தம்பி வந்தான். கணக்குத் தணிக்கை அவன் தொழில். "மாமா, ரெண்டும் ஒரே சரக்கு. ஒண்ணை வித்துடுங்க. அக்காவோடது தேறாது. உங்களுதுதான் நல்லா ஏறியிருக்கு."

ஆக, ஜெயித்தது நான். சொல்லிக் காட்டத்தான் ஆளில்லை. சரி, அவளுடையதை விற்றுவிடலாம் என்று தலையாட்டினேன்.

அவன் போனதும் பக்கத்து வீட்டு அண்ணி எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அவளோட நினைவகத்தை விக்கப் போறேன் அண்ணி."

அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "நினைவகம் கட்டினீங்களா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே! அதுக்குள்ள விக்கணுமா? பூசின சுவர்கூடக் காஞ்சிருக்காதே தம்பி!"

விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். சிரிப்புதான் வந்தது. அவள் போனபின் முதல் சிரிப்பு. பாதியில் அது வேறு எதுவோ ஆகிவிட்டது. இதைக் கேட்டிருந்தால் எதிர்க்கட்சி தரையில் உருண்டிருப்பாள்.

"இல்ல அண்ணி, விக்கல," என்றேன். சொன்ன பிறகுதான் அது என் முடிவு என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் என் பங்கை விற்கச் சொன்னதும் மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "ஏறுறதை வித்துட்டு இறங்குறதை வச்சுக்குறீங்களா? உங்களுக்குச் சிலையே வைக்கலாம் மாமா!"

"வைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

இப்படியாக நான் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டேன். பங்கு ஏறினாலும் நான்தான் டீ போடுகிறேன், இறங்கினாலும் நான்தான். இன்று இறங்கியது. சட்டப்படி அவள் முறை. வழக்கம்போல் ஏமாற்றிவிட்டாள்.