லுத்விக் காட்டும் வழி

இடது கைக் கட்டைவிரலில் எச்சில் தொட்டு, மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் கடைசிப் பாசித் துணுக்கையும் துடைத்துவிட்டுத்தான் லுத்விக் தூரிகையைக் கையில் எடுப்பார். முதலில் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது காயும்வரை மரத்தோடு பேசிக்கொண்டிருப்பார். பிறகு பொட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம், ஒரே இழுப்பில். கவராயம் வைத்து வரைந்தாலும் இவ்வளவு சுத்தமாக வராது. எங்கள் லோம்னா பள்ளத்தாக்கில் மலைப்பாதைகளுக்கு அடையாளம் போடுகிறவர் அவர். சம்பளம் கிடையாது. மலையேற்றச் சங்கம் பெயிண்டும் தூரிகையும் கொடுக்கும். மரியாதையை அவரே எடுத்துக்கொள்வார்.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். தேவாலயத்துக்கும் பெயிண்ட் சிந்திய கால்சட்டையோடுதான் வருவார். மதுக்கடையில் உட்கார்ந்தால் பெயிண்ட் ஏறிய நகங்கள் எல்லோருக்கும் தெரியும்படி இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொள்வார். "டர்பன்டைன்ல கழுவினா போயிரும் அண்ணே" என்று கடைக்காரர் ஒருமுறை யோசனை சொன்னார். "போகும். எதுக்குப் போகணும்?" என்றார் லுத்விக்.

சுற்றுலாப் பயணிகளைப் பற்றி அவருக்கு ஒரு முடிவான கருத்து உண்டு. "அவங்களுக்கு மலையும் வேணாம், அருவியும் வேணாம். அடுத்த வட்டம் எங்கன்னுதான் கண்ணு போகும். மாட்டுக்கொட்டாய்ல ஒண்ணு போட்டு வெச்சா, உள்ள போய் மாட்டுக்கு வணக்கம் சொல்லிட்டு வருவாங்க." இதைக் குறையாகச் சொல்வதில்லை. ஒரு விவசாயி தன் நிலத்து மண்ணின் குணத்தைச் சொல்வதுபோல் சொல்வார்.

அந்தக் குணத்தை அவர் வீணாக்கவும் இல்லை. ஊரிலிருந்து அருவிக்குப் போகும் பாதை ஆற்றோரமாகவே போனது. நேரான பாதை. பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு வசந்தத்திலும் அடையாளங்களைப் புதுப்பிக்கப் போன லுத்விக், ஒவ்வொரு மரமாக அதை நகர்த்தினார். ஒரு வருடம் மரத்துக்கு நோய் என்றார். ஒரு வருடம் குளவிக்கூடு. ஒரு வருடம் கரை சரிகிறது என்றார். இப்போது அந்தப் பாதை மரப்பாலத்தருகே ஆற்றை விட்டு விலகி, சரிவில் மூச்சு வாங்க ஏறி, ஒரு வேலியைத் தாண்டி, வெண்ணெயில் ரொட்டித் தூள் வறுபடும் வாசனைக்குள் நுழைகிறது. ஸ்டெஃப்கா தன் வீட்டிலேயே நடத்தும் சாப்பாட்டுக் கடையின் முற்றம் அது. பெஞ்சுகளுக்கு நடுவே புகுந்து வெளியேறி, அதே சரிவில் இறங்கி, பாலத்திலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மறுபடி ஆற்றைப் பிடிக்கிறது. ஸ்டெஃப்கா லுத்விக்கின் மனைவி.

ஊர்க்காரர்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் லோம்னாவில் பிறந்த எவரும் மரத்து வட்டத்தைப் பார்த்து நடந்ததில்லை. பயணிகளெல்லாம் மேலே ஏறிவிட்டதில் ஆற்றங்கரை எங்களுக்குக் காலியாகக் கிடைத்தது. யார் வாயைத் திறப்பார்கள்? சுற்றுலா அலுவலகம் ஒரு படி மேலே போய், தன் பிரசுரத்தில் இதற்கு 'ஆல்ப்ஸ் காட்சிப் பாதை' என்று பெயர் வைத்தது. என்ன காட்சி என்று அறிய நானே போய் நின்று பார்த்தேன். பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையின் பின்சுவர். அதன் கூரைக்கு மேலே, மேகமில்லாத நாளில், ஒரு துண்டு மலை.

இந்தக் கோடையில் யாரோ ஒரு பயணி அந்த வேலியில் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு புகார் எழுதினார். தலைநகர் லியுப்லியானாவில் இருக்கும் தலைமைச் சங்கத்திலிருந்து விசாரிக்க தாரிங்கா என்ற அதிகாரி வந்தார். யாரிடமும் சொல்லாமல், சாதாரணப் பயணியைப்போல வட்டங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தவரை, பாதை கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தது. ஒரு தட்டு பாலாடைக்கட்டிச் சுருள் சாப்பிட்டார். இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகே தான் யார் என்று சொன்னார். நான் பக்கத்துப் பெஞ்சில் இருந்தேன்.

"இந்த வழியைப் போட்டது யாருங்க?"

"நான்தான் மேடம். வட்டம் எப்படி இருக்கு?" என்றார் லுத்விக்.

"வட்டம் அருமை. வழியும் வட்டமா இருக்கே, அதான் கேக்கறேன்."

"ஆத்தோரம் மண்ணு சரியுது."

"பாலத்துல நின்னு பாத்தேனே. அந்தக் கரையில ஒரு அம்மா பிள்ளை வண்டி தள்ளிட்டுப் போறாங்க."

"அது உள்ளூர்ப் பிள்ளை. பழகின பிள்ளை."

"சரி. குளவின்னு சங்கத்துக்கு எழுதியிருக்கீங்களே, எந்த மரத்துல?"

"அது என்ன மேடம், குளவி நம்மளைக் கேட்டுட்டா மரம் மாறுது?"

அடுப்படியிலிருந்து ஸ்டெஃப்காவின் குரல் வந்தது. "அந்த ஆளைக் கேக்காதீங்கம்மா. எங்கப்பாவை அடக்கம் பண்ற அன்னிக்கே, பெயிண்ட் காயலைன்னு பாதிச் சடங்குல வந்து நின்ன மனுசன்."

தாரிங்கா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் திரும்பி வரும்போது பாதை ஆத்தோரம் போகணும், ஐயா. இல்லைன்னா தூரிகையைச் சங்கத்துல ஒப்படைச்சிருங்க, வேற ஆளைப் போட்டுக்கறோம். இன்னொண்ணு. இந்த முற்றத்துக்கு வட்டம், அம்புக்குறி, பலகை எதுவும் இருக்கக் கூடாது. நீங்க நின்னு கை காட்டவும் கூடாது. சம்மதமா?"

லுத்விக் தன் நகங்களைப் பார்த்தார். ஸ்டெஃப்கா கரண்டியோடு வாசலுக்கு வந்து லுத்விக்கைப் பார்த்தாள். தூரிகை போனால் அவர் ஆலையில் ஓய்வு பெற்ற ஒரு கிழவர்; மதுக்கடையில் அப்படிப்பட்டவர்கள் ஒரு மேசை நிறைய இருக்கிறார்கள். பாதை போனால் பெஞ்சுகள் போயின. அந்தச் சரிவில் பசிக்காக ஏறி வருகிறவன் எவனும் இல்லை.

"சம்மதம்" என்றார்.

"ரொம்ப சந்தோசம்" என்றாள் ஸ்டெஃப்கா. "நாளையிலேர்ந்து பாலை மாட்டுக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

அவர் செய்த வேலையில் நான் குறை சொல்ல மாட்டேன். பழைய வட்டங்களின்மேல் பட்டையின் நிறத்துக்கே சாம்பல் பெயிண்டைக் கலக்கி அடித்தார். எங்கே இருந்தன என்று தேடிப் போன எனக்கே பாதிக்குமேல் அகப்படவில்லை. ஆற்றோர மரங்களில் புது வட்டங்கள் பளிச்சென்று நின்றன. பயணிகள் வட்டத்தைப் பார்த்தார்கள், ஆற்றோரம் போனார்கள். அன்றே முற்றம் காலி. கை பழகிய பழக்கத்தில் ஸ்டெஃப்கா மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள். மிஞ்சியதை எனக்கும் தபால்காரருக்கும் கொடுத்தாள். புருஷனுக்குத் தட்டு வைக்கும்போது மட்டும் குரல் இனிக்கும். "வாங்க வட்ட மகராசா, சாப்பிடுங்க. வேற யாரும் வரப்போறதில்ல. தூரிகையையும் அவிச்சுத் தரட்டுமா, தொட்டுக்க?" லுத்விக் மென்றுகொண்டே இருந்தார். ஒரு சுருளை இவ்வளவு நேரம் மெல்ல முடியும் என்று நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாரிங்கா வந்தார். அருவிவரை நடந்துபோய், ஆற்றோரமாகவே திரும்பி வந்து, பாலத்தில் என்னோடு நின்ற லுத்விக்கின் கையைக் குலுக்கினார். "இந்த மாதிரி வட்டம் நாட்டுலயே கிடையாது, ஐயா. தூரிகை உங்ககிட்டயே இருக்கட்டும்." லுத்விக் பணிவாகத் தலையசைத்து, தூரிகையைச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேரே செருகிக்கொண்டார்.

அப்போது ஒரு பேருந்து வந்து நின்றது. ஹங்கேரியிலிருந்து ஒரு கூட்டம். தொப்பிகள், ஊன்றுகோல்கள், கழுத்துக்கொரு கேமரா. இறங்கியதும் வட்டத்தைத் தேடின கண்கள். ஆற்றோர மரத்தில் அதைக் கண்டுபிடித்தும் விட்டன. லுத்விக் எங்களுக்கு விடை சொல்லி, இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு, அவர்களை ஏறெடுத்தும் பாராமல், நடுவே புகுந்து சரிவில் ஏறத் தொடங்கினார். முன்னால் நின்ற ஒருவர் மரத்து வட்டத்தைப் பார்த்தார். போகிறவரின் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயிண்ட் சிந்திய கால்சட்டையைப் பார்த்தார். மறுபடி வட்டத்தைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலைச் சரிவின் பக்கம் திருப்பினார். கூட்டம் அவர் பின்னால் திரும்பியது.

"அவர் என்ன பண்றார்?" என்றார் தாரிங்கா.

"வீட்டுக்குப் போறாருங்க" என்றேன். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை.

பாதிச் சரிவில், பருத்த உடம்புக்காரர் இருவர் பின்தங்கி மூச்சு வாங்கினார்கள். லுத்விக் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, கயிறே இல்லாத தன் ரப்பர் பூட்ஸின் கயிற்றை, அவர்கள் வந்து சேரும்வரை, நிதானமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.